அளவெடுக்கக் கொண்டுபோன தலை

மஸ்கட்டிலிருந்து லீவுக்கு ஊர் போகிறவர்கள் பேரீச்சம்பழம், தைலம், கம்பளி என்று பெட்டியை நிரப்புவார்கள். இந்தத் தடவை நான் முக்கியமாகக் கொண்டுபோனது என் தலையை. என் அண்ணனுக்காக அதை இரண்டு எம்.ஆர்.ஐ. மெஷின்களுக்குள் நுழைத்து அளவெடுக்க வேண்டியிருந்தது. ஒரு மெஷின் தேனியில் இருக்கிறது. இன்னொன்று மலைக்கு மேலே கேரளாவில்.

நான் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறவள். பதினாறு வருஷமாக இதே வேலை. அண்ணன் செல்லப்பாண்டி எங்கள் ஊரான கம்பம் பக்கத்துக் கூடலூரில் ஜீப் ஓட்டினார். விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவார். சாயங்காலம் அதே பெண்களை அவரவர் தெருமுனையில் இறக்கிவிடுவார். முப்பது வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், எல்லாரும் ஏறிவிட்ட பிறகும் "பேச்சியம்மாளக் காணோம்" என்று தோட்டத்து வாசலில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டார். பேச்சியம்மாள் அவருக்குப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து, "நான் இங்கனதானண்ணே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்போது நான் லீவில் இருந்தேன். தேனிக்குக் கூட்டிப்போனேன். மெஷினைப் பார்த்ததும் அண்ணன், "இந்தக் குழாய்க்குள்ள நான் போகமாட்டேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அங்கே ஸ்கேன் எடுக்கும் சரவணன் நம் தொழில்காரர் என்ற பாசத்தில், "முதல்ல நீங்க படுத்துக் காட்டுங்க மேடம்" என்றார். நான் படுத்தேன். சும்மா படுப்பானேன் என்று என் மூளையையும் முழுசாகப் படம் எடுத்து சி.டி. போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் படுத்தார். டாக்டர், வயசுக்குப் பரவாயில்லை, ஒரு வருஷம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார்.

அந்த ஒரு வருஷம் கழித்துத்தான் நான் தப்புச் செய்தேன். மதினி ராஜாத்தி போனில் கேட்டார்: "தேனியிலேயே எடுக்கவா?" நான், "அது பழசு மதினி. மலைக்கு மேல புது மெஷின் வந்திருக்கு, ரெண்டு மடங்கு சக்தி, அங்கன எடுங்க" என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "எந்தங்கச்சி சொன்னா சரிதான், பெரிசுலயே எடுப்போம்" என்று பின்னாலிருந்து அண்ணன் சிரித்ததும் கேட்டது.

பெரிய மெஷின், சின்ன எண்ணைக் கொடுத்தது. நினைவுக்கான பகுதி, மூளைக்குள்ளே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சதை. அது நன்றாகவே குறைந்திருந்தது. டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வேகமாகத் தேய்கிறது, இனி ஆட்களை ஏற்றி ஓட்ட வேண்டாம் என்றார். அன்றைக்கே அண்ணன் ஜீப்பைத் தங்கவேல் என்ற டிரைவரிடம் விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

நாலு மாசம் கழித்து மதினி இரண்டு ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேலே இரண்டு வேறு மெஷின் பெயர்களைப் பார்த்ததும்தான் நான் செய்த தப்பு எனக்கு உறைத்தது. அந்தச் சதையை யாரும் கத்தியால் வெட்டி எடை போடுவதில்லை. படத்தில் வெள்ளை எங்கே முடிகிறது, சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து கம்ப்யூட்டர் சுற்றிலும் ஒரு கோடு போடும். மெஷின் மாறினால் வெள்ளையும் மாறும், சாம்பலும் மாறும். கோடு ஒரு மயிரிழை உள்ளே தள்ளி விழும். சுற்றளவு முழுக்க மயிரிழை குறைந்தால் மொத்தத்தில் எவ்வளவோ குறைந்துவிடும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்தால், ஒரே ஆளை ஊர் ஊராக அனுப்பி எல்லா மெஷினிலும் படுக்க வைப்பதும் உண்டு. எந்த மெஷின் கூட்டிச் சொல்கிறது, எது குறைத்துச் சொல்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. மஸ்கட்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். என் அண்ணன் விஷயத்தில் நல்ல மெஷின் என்றேனே தவிர, அதே மெஷின் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அவரிடம் இதை நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்பது, முடிந்தால் ஜீப்பை அவரிடம் திருப்பிக் கொடுப்பது. இந்த இரண்டுக்காகத்தான் வந்தேன்.

முதல் நாள் கூடலூரில் விடியற்காலை ஜீப் ஹாரன்களில்தான் விழித்தேன். மஸ்கட்டில் ஹாரன் அடித்தால் முறைப்பார்கள். இங்கே அதுதான் அலாரம். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குரலை வைத்து ஆளைச் சொல்வதுபோல ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு டிரைவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஜீப் தெருமுனையைக் கடந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

"தெனமும் இப்படித்தான். அது போன பெறகுதான் பல்லு வெளக்க எந்திரிப்பாக," என்றார் மதினி, என் தட்டில் நாலாவது பணியாரத்தை வைத்துக்கொண்டே. வேண்டாம் என்றால் வருத்தப்படுவார், சாப்பிட்டால் ஐந்தாவது வரும். நான் ஐந்தாவதையும் சாப்பிட்டேன்.

என் திட்டத்தை அண்ணனிடம் சொன்னேன். என் தலையின் தேனி அளவு கையில் இருக்கிறது. நாளை மலைக்கு மேலே போய் அந்த மெஷினில் நான் மட்டும் படுப்பேன். எனக்கும் குறைத்துக் காட்டினால் குற்றம் மெஷினுடையது.

அவர் கேட்டார்: "எடை மேடை மாதிரியா?"

"அதேதாண்ணே."

"கம்பத்துல ஒரு எடை மேடை, தேனியில ஒண்ணு. லாரிக்காரங்களுக்குத் தெரியும், ரெண்டும் ஒண்ணு போல காட்டாது. ஒரே மேடையில ஏத்தி எறக்குனாத்தான் கணக்கு." அப்புறம் என்னைப் பார்த்தார். "இது தெரிஞ்ச எனக்கு, எந்தலைக்கு அது தோணல பாரு."

எனக்கும்தான் தோன்றவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பணியாரத் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

இரண்டாம் நாள் அண்ணனும் துணைக்கு வருகிறேன் என்றார். கார்த்திகை மாசம். மலைப்பாதையில் கறுப்பு வேட்டி சாமிமார் வேன்கள் வரிசை கட்டி நின்றன. ஒரு வளைவில் முட்டைக்கோஸ் லாரியும் சாமிமார் வேனும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு, பின்னால் எங்கள் பஸ்ஸோடு சேர்ந்து முப்பது வண்டி. மழை வேறு. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மழையில் நடுரோட்டில் நின்று, "ஏலே, நீ ரிவர்ஸ் எடு. பின்னால குழி கெடக்கு, இடது டயரப் பாத்து எடு" என்று முட்டைக்கோஸ் லாரிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேரள வேன் டிரைவருக்கு மலையாளத்தில் வேறு கட்டளை. வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. எங்கள் டிரைவர், "யாரு, செல்லப்பாண்டி அண்ணனா? நீங்க வீட்ல இருக்கிறதாச் சொன்னாக?" என்றார். நனைந்த தலையோடு ஏறி உட்கார்ந்த அண்ணன் சிரித்தார். இந்த மனிதருக்கா மூளை தேய்கிறது என்று எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

மேலே போய் இறங்கியதும் கப்பையும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். வெள்ளையாக வெந்த மரவள்ளிக் கப்பை, நாக்கைச் சுடும் சிவப்புக் குழம்பு. மஸ்கட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரேயும் ஒரு மலையாளிக் கடை உண்டு. அங்கே கப்பை நாலு நாள் கப்பலில் வந்த களைப்போடு இருக்கும். அண்ணன் பால் விடாத கட்டன் சாயா சொன்னார். சாயா வந்து, குடித்து, டம்ளர் காலியான பிறகு, "சாயா சொன்னமே, இன்னும் காணோம்" என்றார். மழையில் நனைந்தவருக்கு இன்னொன்று வேண்டும்போல என்று நானே கூப்பிட்டு இன்னொன்று சொன்னேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்த இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னது இது: "எங்க மாமியாரோட மூளைய மூணு தடவை படம் எடுத்தாச்சு. மருமகளப் பத்தி நல்லதா ஒரு நெனப்பு எந்தப் படத்திலயும் தெரியலையாம்." பக்கத்திலிருந்தவள் சிரித்ததில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

உள்ளே லிஜி என்ற பெண் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கே ஆர்வமாகிவிட்டது. ஒரு வருஷமாக மெஷினில் எதையும் மாற்றவில்லை என்று பதிவேட்டைக் காட்டி உறுதி சொன்னாள். தினமும் மற்றவர்களை உள்ளே தள்ளுகிற நான், உள்ளே படுத்துக் கண்ணை மூடினேன். தடதடவென்று அது அடிக்கிற சத்தத்தில், குறைச்சுக் காட்டு, குறைச்சுக் காட்டு என்று மெஷினைக் கெஞ்சினேன். தன் மூளை தேய்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குறைத்துத்தான் காட்டியது. அண்ணனுக்கு எவ்வளவு குறைந்ததாகச் சொன்னதோ, கிட்டத்தட்ட அதே பங்கு எனக்கும்.

வெளியே ஓடிவந்து, "எந்தலையும் தேஞ்சுபோச்சுண்ணே" என்றேன். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு என் தலையில் கையை வைத்து, "நல்லா இருக்கியே ஆத்தா" என்றார். அந்த மாமியார்காரியின் மருமகள் எங்களை வினோதமாகப் பார்த்தாள். திரும்பி இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் அண்ணனிடம் ஒரு கதை இருந்தது. மதினி செய்தி கேட்டு அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் வந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. தங்கவேல் ஜீப்பைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினார். "நீங்க எப்ப வேணும்னாலும் எடுத்துக்கிருங்கண்ணே. அந்தப் பொம்பளையாளுக என் வேகத்துக்கு சாமியக் கும்பிட்டுக்கிட்டே வாராக," என்றார். அண்ணன் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் ஒரு சுற்று ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். கியர் மாற்றுவதே தெரியவில்லை. வழியில் ஒரு தோட்டக்காரர் கை நிறையப் பன்னீர்த் திராட்சையைக் கொடுத்தார். கழுவாமலே தின்றோம்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னண்ணே?"

"அவளுக வரட்டும்," என்றார்.

சுற்றிலும் யாரும் இல்லை. திராட்சைப் பந்தலும் நாங்களும்தான். நான் சிரித்தேன், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று. அவரும் சிரித்தார். வண்டியை எடுத்தார். அவர் எனக்கு அப்புறம்தான் சிரித்தார் என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, கவனிக்காதவள்போல இன்னொரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டேன்.

நாலாம் நாள் தேனி. அல்லிநகரத்தில் அதே சென்டர், அதே மெஷின், அதே சரவணன். இங்கே ஒரு வழக்கம் உண்டு. நகை எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆனால் தாலியைக் கழற்றச் சொன்னால் பாதிப் பெண்கள் அழுதுவிடுவார்கள். அதனால் சென்டரிலேயே மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் வைத்திருக்கிறார்கள். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படுக்க வேண்டும். மஸ்கட்டில் நான் பத்து மொழியில் 'நகையைக் கழற்றுங்கள்' என்று சொல்வேன், இந்த யோசனை எனக்கு வந்ததில்லை. நானும் கட்டிக்கொண்டேன்.

முதலில் நான்தான் படுத்தேன். இந்த மெஷின் இரண்டு வருஷத்தில் மாறவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமே. அப்புறம் அண்ணன். இந்தத் தடவை அவருக்குப் பயமில்லை. "எல்லாம் பழகிருச்சு" என்று தானே ஏறிப் படுத்தார்.

சரவணன் கம்ப்யூட்டரில் அளவைப் போட்டார். நான் அவர் பின்னால் நின்றேன்.

"உங்களுது அப்படியே இருக்கு மேடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்ததும் இப்ப எடுத்ததும் ஒண்ணுதான்."

"அண்ணனுக்கு?"

அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு எனக்கு இடம் விட்டார். எங்கள் தொழிலில் இப்படி இடம் விட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேருக்கு விட்டிருக்கிறேன்.

குறைந்திருந்தது. அதே மெஷின், அதே கோடு, அதே ஆள். தலை ஆடியிருக்குமோ என்று ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். ஆடவில்லை. அளவைத் திரும்பப் போடச் சொன்னேன். போட்டார். அதுவேதான் வந்தது. மெஷின் மேல் சந்தேகப்பட இடமே இல்லை. இடமில்லாமல் செய்தது என் தலை.

சுவரோரமாக நின்று மனசுக்குள் கூட்டிக் கழித்தேன். போன வருஷம் மலைக்கு மேலே குறைந்ததாக வந்தது முழுக்க மெஷின் வித்தியாசம். என் ஒரு தலையை வைத்துப் போடும் கணக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் போன வருஷம் வரைக்கும் அவருக்கு ஒன்றும் தேயவில்லை என்றுதான் அது சொல்கிறது. தேய்ந்ததெல்லாம் இந்த ஒரு வருஷத்தில். ஜீப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் வாசலில் உட்கார்ந்திருந்த வருஷத்தில்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். மத்தியான வெயில். அண்ணன் இரண்டு காபி சொன்னார்.

"என்னத்தா, பேசாம வர்ற. தேஞ்சிருக்கா?"

"ஆமாண்ணே."

"ஒந்தலை?"

"அப்படியே இருக்கு."

மெதுவாகத் தலையை ஆட்டினார். "அப்ப மெஷின் மேல பழியப் போட முடியாது." காபி வந்தது. ஆற்றி எனக்கு ஒன்றைத் தள்ளிவைத்தார். "மதினிகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ சொல்லாத. ஒன்னயக் கண்டா அழுவா." தன் டம்ளரை எடுத்துக்கொண்டே, "போன வருஷம் மேல போயி எடுத்தமே, அப்ப?" என்றார்.

"அப்ப நல்லாத்தான் இருந்தீகண்ணே. அது மெஷின் வித்தியாசம்."

"நல்லா இருந்தனா?"

"ஆமா."

"அப்ப இந்த ஒரு வருஷமும் நான் ஓட்டியிருக்கலாம்."

பக்கத்து மேஜையில் யாரோ சாம்பார் கேட்டுச் சத்தம் போட்டார்கள். நான் பதில் சொல்ல அது அடங்கக் காத்திருந்தேன்.

"ஓட்டியிருக்கலாம்ணே."

அவர் வெளியே பஸ்களைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. யாருக்கோ எப்போதோ நடந்ததைக் கேட்டதுபோல, "ஒரு வருஷம்" என்று மட்டும் சொன்னார். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் வராது.

"அண்ணே, ஒங்கள அந்த மெஷினுக்கு அனுப்புனது நான்தான். தேனியிலேயே எடுக்கவான்னு மதினி கேட்டாக. நான்தான் அது பழசு, மேல போங்கன்னு போன்ல சொன்னேன். அங்கன போகாம இருந்திருந்தா ஒங்க ஜீப் ஒங்க கையிலதான் இருந்திருக்கும். ஒரு வருஷத்த நான்தாண்ணே எடுத்துட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. எதையோ தேடுவதுபோல மேஜையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"நீயா சொன்ன? டாக்டருல்ல சொன்னாரு."

"நான்தாண்ணே. நீங்களும் கேட்டுக்கிட்டு இருந்தீக."

"எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகத்துல இல்லையே ஆத்தா," என்றார். "காபியக் குடி. ஆறுது."

எட்டு மாசமாக ராத்திரி பகலாக நான் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். மன்னிக்க வேண்டியவரிடம் அந்தத் தப்பே இல்லை. எனக்காகத்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை நிஜமாகவே அது அவரை விட்டுப் போய்விட்டதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் முடியவில்லை. காபியைக் குடித்தேன். அழுகை வந்தது. அடக்கவில்லை. அண்ணன் தன் துண்டை எடுத்து என் பக்கம் நீட்டிவிட்டு, சர்வரிடம் திரும்பி இரண்டு காபி சொன்னார்.